தொண்டை முதலில் சொல்லிவிடும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிவதற்குள் எனக்கு நான்கு முறை சளி பிடித்தது. நான்கு முறையும் ஒரே வரிசைதான்: முதல் நாள் மாலை தொண்டையின் பின்புறத்தில் ஒரு வறட்சி, மறுநாள் விழுங்கும்போது உறுத்தல், மூன்றாம் நாள் மூக்கொழுகல், அதன்பின் ஒரு வாரம் வகுப்பில் குரல் எழும்பாத நிலை. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது இயல்பு. நான்கு மாதங்களில் நான்கு முறை என்பது இயல்பன்று. என்னை அதிகம் குழப்பியது வேறொன்று. என் வாழ்நாளிலேயே நான் மிகுதியாக உடற்பயிற்சி செய்தது அந்தக் குளிர்காலத்தில்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் வெறுமனே நடந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரே ஒரு முறை சளி பிடித்து மூன்று நாளில் போய்விட்டது. நடந்தபோது காத்துக்கொண்ட உடல் ஓடியபோது ஏன் தடுமாறியது என்று தேடியதில் அறிந்துகொண்டவற்றையும், அதன்பின் மாற்றிக்கொண்டவற்றையும் எழுதுகிறேன். எங்கள் மலையில் இப்போது ஓடத் தொடங்கியிருக்கும் பலருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் கோத்தகிரிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயது 44. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடந்தால் மருந்தைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொன்னதால் நடக்கத் தொடங்கினேன். வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் ஊடே போகும் மண்சாலையில், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். இலை பறிக்கப் போகும் பெண்கள் எதிரே வரும் நேரத்தில் திரும்பிவிடுவேன். மூச்சு சற்றே வேகமாகும், வியர்வை மெல்லத் துளிர்க்கும், உடன் வருபவரோடு பேச முடியும். அந்த அளவுக்குமேல் ஒருநாளும் போனதில்லை.

ஓட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்தவர் பக்கத்து ஹட்டியை (படகர் சிற்றூரை)ச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பல ஆண்டுகள் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். என் நடையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க ஓடவே செய்யலாம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது. ஆனால் அவர் வகுத்துக் கொடுத்த நிதானமான அட்டவணையை நான் பின்பற்றவில்லை. கோயம்புத்தூரில் நடக்கவிருந்த ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, 21 கிலோமீட்டரையும் முடித்தாக வேண்டும் என்ற வேகத்தில், வாரத்தில் ஆறு நாளும் ஓடினேன். அதில் நான்கு நாள் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடினேன். வீட்டு வேலையும் பள்ளியும் இருந்ததால் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தேன். இரவு படுக்கும் நேரம் மட்டும் பழையபடி பதினொன்றாகவே இருந்தது. சர்க்கரைக்கு நல்லது என்று நினைத்து வெறும் வயிற்றில் ஓடினேன். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பெரிய தவறாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டியை முடித்தேன். அன்று இரவே ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்த பேருந்தில், இருமிக்கொண்டிருந்த இருவருக்கு நடுவே உட்கார்ந்து, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினேன். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அது அந்தப் பருவத்தின் மூன்றாவது சளி. வீட்டில் எல்லோரும் பனியைக் குற்றம் சொன்னார்கள். நானும் கம்பளிக் குல்லாவையும் மஃப்ளரையும் கூட்டிக்கொண்டே போனேன்; நான்காவது சளியும் வந்தது.

நோய் எதிர்ப்பு என்றதும் நாம் பெரும்பாலும் இரத்தத்தைத்தான் நினைக்கிறோம். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன்: வெள்ளையணுக்கள், எதிர்ப்பொருள்கள், இரத்தப் பரிசோதனை. ஆனால் சளிக்கிருமி உடலுக்குள் நுழையும் இடம் மூக்கும் தொண்டையும். அங்கே போர் நடப்பது இரத்தத்தில் அன்று, அந்தச் சவ்வின் ஈரத்தில். மூக்கின் உட்புறத்திலும் மூச்சுக்குழலிலும் உள்ள சளிப்படலம் தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிக்கிறது. அதன் அடியில் உள்ள நுண்ணிய குறுயிழைகள் இடைவிடாமல் அசைந்து அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம், வயிற்று அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. உமிழ்நீரில் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் இருக்கிறது, கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது. இவற்றோடு, இந்த இடத்துக்கென்றே உருவான ஓர் எதிர்ப்பொருளும் இருக்கிறது: இம்யூனோகுளோபுலின் ஏ, சுருக்கமாக ஐஜிஏ.

இந்த ஐஜிஏ உருவாகும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சவ்வுகளின் அடியிலும் தங்கியிருக்கும் பிளாஸ்மா செல்கள் அதை இரண்டிரண்டாகப் பிணைத்து உற்பத்தி செய்கின்றன. சவ்வின் செல்களில் உள்ள ஓர் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு, செல்லின் அடிப்புறத்திலிருந்து மேற்புறம்வரை சுமந்து சென்று வெளியே விடுகிறது. விடும்போது தன்னில் ஒரு பகுதியையே அறுத்து அதற்குக் கவசமாகப் போர்த்தியும் அனுப்புகிறது. அந்தக் கவசம் இருப்பதால்தான் வாயிலும் குடலிலும் உள்ள நொதிகளால் அது எளிதில் சிதைவதில்லை. வெளியே வந்த ஐஜிஏ, வைரஸ் சவ்வில் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பற்றிக்கொள்கிறது. காய்ச்சலோ வீக்கமோ இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது. நம் உடல் நாள்தோறும் உற்பத்தி செய்யும் எதிர்ப்பொருள்களில் மற்ற எல்லா வகைகளையும் சேர்த்தாலும் இதன் அளவுக்கு ஈடாகாது. வாசலுக்கு உடல் அவ்வளவு செலவழிக்கிறது.

இந்த வாசல் காவலை உடற்பயிற்சி இரண்டு விதமாகவும் தொடுகிறது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1982-இல் வெளியானது. நெடுந்தூரம் சறுக்கும் அந்த வீரர்களின் உமிழ்நீரில் ஐஜிஏ குறைவாக இருந்தது. போட்டி முடிந்தபின் இன்னும் குறைந்தது. அதன்பின் நீச்சல் வீரர்கள், ஓட்டக்காரர்கள், படைவீரர்கள் எனப் பலரிடமும் உமிழ்நீரைச் சேகரித்து அளந்திருக்கிறார்கள். இவற்றில் என் மனத்தில் பதிந்தது 2008-இல் வெளியான பாய்மரப் படகு வீரர்கள் பற்றிய ஆய்வு. அமெரிக்கா கோப்பைப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த 38 வீரர்களின் உமிழ்நீரை 50 வாரங்கள், வாரந்தோறும் எடுத்துப் பார்த்தார்கள். சளி பிடிப்பதற்கு முந்தைய மூன்று வாரங்களில் ஐஜிஏ சராசரியாக 28 விழுக்காடு குறைந்திருந்தது. நலமாக இருக்கும்போது ஒருவருக்கு உள்ள தம் சொந்தச் சராசரியில் 40 விழுக்காட்டுக்கும் கீழே அளவு இறங்கிவிட்டால், அடுத்த மூன்று வாரத்துக்குள் அவர் நோயுறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால் இந்த அளவு பெரிதும் மாறுபடும். அவரவரை அவரவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் பொருள் கிடைக்கிறது. குறிப்பேடு எழுதும் பழக்கம் எனக்கு வந்தது இதைப் படித்த பிறகுதான்.

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பின் நோய் வருவது பற்றியும் பழைய கணக்குகள் உண்டு. 1982-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அடுத்த இரண்டு வாரத்தில் சளி, தொண்டை அறிகுறிகள் தோன்றின. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்து ஓடாதவர்களில் அப்படி ஆனது சுமார் 15 விழுக்காடுதான். 1987-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானுக்குப் பிந்தைய வாரத்தில், ஓடியவர்களில் 12.9 விழுக்காட்டினரும், அதே அளவு பயிற்சி செய்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 விழுக்காட்டினரும் நோயுற்றதாகச் சொன்னார்கள். கடும் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் உடலின் காவல் தளர்ந்து ஒரு கதவு திறந்துகிடக்கிறது என்ற கருத்து இத்தகைய எண்களிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆனால் அந்தக் கருத்தை அப்படியே ஏற்க முடியாது என்று 2018-இல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கேம்ப்பெல், டர்னர் இருவரும் விரிவாக எழுதினார்கள். ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் குறைவது, அவை அழிந்துவிட்டதால் அன்று. நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போயிருப்பதால்தான் என்பது அவர்கள் வாதம். உமிழ்நீரின் ஐஜிஏ அளவு பற்களின் நிலை, தூக்கம், மனவழுத்தம், நாளின் பொழுது எனப் பலவற்றால் மாறும் என்பதையும், மாரத்தானுக்குப் பின் தொண்டை கரகரப்பதெல்லாம் தொற்றுத்தான் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். உண்மையிலேயே, இருமலோடு வந்த விளையாட்டு வீரர்களின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது கணிசமானவர்களிடம் கிருமி ஏதும் அகப்படவில்லை. வறண்ட காற்றாலோ ஒவ்வாமையாலோ ஏற்பட்ட எரிச்சலாகவே அது இருந்திருக்கலாம். கூட்டம், பயணம், தூக்கமின்மை ஆகியவைதாம் பெரும்பாலும் காரணம் என்பது அவர்கள் முடிவு.

இந்த வாதத்தைப் படித்தபோது என் பேருந்துப் பயணம் நினைவுக்கு வந்தது. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று பகையாக எனக்குத் தெரியவில்லை. ஓட்டம் ஒன்றே என்னை நோயாளியாக்கியது என்று நான் இப்போது நினைப்பதில்லை. ஓட்டத்தைச் சுற்றி நான் அடுக்கி வைத்த தூக்கக்குறைவும் பசியும் ஓய்வில்லாத வாரங்களும் என் வாசல் காவலை மெலிய வைத்தன. மூடிய பேருந்தும் வகுப்பறையும் கிருமியைக் கொண்டுவந்து சேர்த்தன. இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்தபோது சளி பிடித்தது.

நடை ஏன் காத்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 85 வயதுவரையுள்ள 1002 பேரைக் குளிர்காலத்தை ஒட்டிய 12 வாரங்கள் பின்தொடர்ந்தார்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்தவர்கள், அநேகமாக ஒன்றும் செய்யாதவர்களைவிட 43 விழுக்காடு குறைந்த நாட்களே சளி அறிகுறிகளோடு இருந்தார்கள். மிதமான பயிற்சியைப் பல வாரம் தொடர்ந்தவர்களின் உமிழ்நீரில் ஐஜிஏ கூடியதாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. என்னுடைய ஐந்து நாள் நடை, எனக்கே தெரியாமல், அந்த அளவில்தான் இருந்தது.

எங்கள் மலைக்கென்று சில சேர்க்கைகள் உண்டு. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்தபின், டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். உதகைப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்று ஈரத்தைக் குறைவாகவே சுமக்கும். மூக்கு வழியாக மூச்சு விடும்போது அந்தக் காற்று உள்ளே போவதற்குள் சூடாகி, ஈரமாகி, வடிகட்டப்படுகிறது. ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டராக இருக்கும் மூச்சு பத்து மடங்குக்கும் மேலாகிறது. அவ்வளவு குளிர்காற்றும் நேரே தொண்டையில் போய் மோதுகிறது. சவ்வு வறள்கிறது, குறுயிழைகளின் அசைவு மந்தமாகிறது. பெரும்பாலான சளிக்குக் காரணமான ரைனோவைரஸ், உடலின் 37 டிகிரி வெப்பத்தைவிட மூக்கின் 33 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாகப் பெருகும். ஆகவே பனியைக் குற்றம் சொன்ன என் அம்மாவின் பேச்சில் பாதி உண்மை இருந்தது. குளிர் கிருமியை உண்டாக்குவதில்லை, அது குடியேற இடம் கொடுக்கிறது. விறகடுப்புப் புகையும் அதே சவ்வைத்தான் அரிக்கிறது. விடியற்காலையில் அந்தப் புகை பனியோடு சேர்ந்து பள்ளத்திலேயே தேங்கி நிற்கும். அதனால் இப்போது குளிர் மாதங்களில் வெயில் ஏறியபின், மேட்டுச் சாலையில்தான் ஓடுகிறேன். பள்ளி நாட்களில் அது முடியாதபோது மாலை ஐந்து மணிக்கு ஓடுகிறேன். விடியலில் போயே ஆக வேண்டிய நாளில் மெல்லிய பருத்தித் துணியை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தைத் தாண்டாமல் போகிறேன்.

மற்ற மாற்றங்களில் பெரியது நாட்களின் வரிசை. சுபேதார் அண்ணனிடம் போய், அவர் அட்டவணையை மீறியதை ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பயலுகளுக்கு நாங்க ஓட்டம் மட்டுமா கொடுத்தோம்? நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், அதையும் சேர்த்துத்தான் கொடுத்தோம், டீச்சர்" என்றார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினமான ஓட்டம், அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு நாள் பேசிக்கொண்டே போகக்கூடிய நடையோ மெல்லோட்டமோ, ஒரு நாள் முழு ஓய்வு என்று வைத்துக்கொண்டோம். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துவிடுகிறேன்.

தூக்கம் பற்றி நான் பிடிவாதமாகவே பேசுவேன். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேருக்குச் சளி வைரஸை மூக்கில் சொட்டுமருந்துபோல் விட்டுப் பார்த்தார்கள்; ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்த வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். நான் ஐந்தரை மணி நேரம் தூங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது ஏழு மணி நேரம் கிடைக்காத இரவுக்கு மறுநாள் நடைதான். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் ஓட்டம் தானாகக் குறைந்துவிடுகிறது. அதற்காக நான் வருந்துவதில்லை.

வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டேன். மாவுச்சத்து இல்லாமல் நீண்ட நேரம் உழைக்கும்போது கார்ட்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் முன்னதாக ஒரு வாழைப்பழம், நடுவில் ஒரு துண்டு கடலை மிட்டாய். என்னைப்போல் சர்க்கரைப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தம் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும், நானும் கேட்டேன். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரையும் மறந்துவிடுகிறோம். கடுமையாக ஓடும்போது நரம்புத் தூண்டலாலும் நீரிழப்பாலும் உமிழ்நீர் குறைந்து கெட்டியாகிவிடுகிறது. வாயை நனைத்துக்கொண்டே இருப்பது அந்தக் காவல் நீரைக் காப்பதுதான். ஓட்டம் முடிந்ததும் ஈர உடையை உடனே மாற்றுகிறேன். நீண்ட ஓட்டத்துக்குப் பிந்தைய அன்று மாலை கூட்டத்தில் போவதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடுவதில்லை.

மருந்துகள் பற்றி ஒரு சொல். நீலகிரித் தைலம் எங்கள் வீடுகளில் இல்லாத நாளில்லை. அதன் மணம் அடைத்த மூக்கைத் திறந்தாற்போல் இதமளிக்கும். மார்பில் தடவிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வாசல் காவலைக் கூட்டாது, அதை உள்ளுக்குக் குடிக்கவே கூடாது, கைக்குழந்தைகளின் மூக்கருகே கொண்டுபோகவும் கூடாது. வைட்டமின் சி சாதாரணமாக வாழ்பவர்களுக்குச் சளி வருவதைத் தடுப்பதில்லை. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் என 598 பேரிடம் நடந்த ஐந்து சோதனைகளில் மட்டும் சளியின் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. நான் மாத்திரை வாங்கவில்லை; கொய்யாவும் நெல்லிக்காயும் வாங்குகிறேன்.

காலையில் எழுந்ததும் மூன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதுகிறேன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், படுக்கையில் நாடித்துடிப்பு எவ்வளவு, முதல் வாய் தண்ணீரை விழுங்கும்போது தொண்டை எப்படி இருக்கிறது. என் நாடி வழக்கமாக 62. அது 70-ஐத் தாண்டி, தொண்டையும் வறண்டிருந்தால் அன்று ஓடுவதில்லை. அறிகுறி மூக்கோடும் தொண்டையோடும் நின்றால் மெதுவாக நடக்கிறேன். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி இருந்தால் எதுவும் செய்வதில்லை. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உழைப்பது, அரிதாக என்றாலும், இதயத் தசையில் அழற்சி உண்டாவதற்கு இடம் கொடுக்கலாம். இளைஞர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காய்ச்சலை வியர்த்துப் போக்கிவிடலாம் என்று நம்பி ஓடுபவர்கள் அவர்கள்தாம். காய்ச்சல் விட்டபின்னும், எத்தனை நாள் படுத்தேனோ அத்தனை நாள் நடந்துவிட்டுத்தான் மறுபடி ஓடுகிறேன். நெஞ்சுவலியோ படபடப்போ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ இருந்தால் நேரே மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கடந்த இரண்டு குளிர்காலங்களில் எனக்கு மொத்தம் மூன்று முறை சளி பிடித்தது. ஓட்டத்தை விடவில்லை, மீண்டும் ஒரு முறை அரை மாரத்தான் முடித்தேன், முதல் முறையைவிடப் பதினொரு நிமிடம் குறைவாக. அந்த முறை இரவுப் பேருந்தில் ஏறாமல் உறவினர் வீட்டில் தங்கித் தூங்கி, மறுநாள் நண்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையேறினேன்.

எங்கள் பள்ளியில் மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். சென்ற நவம்பரில் அவர்களில் இருவர் மாறிமாறி மூக்கைச் சிந்திக்கொண்டே பயிற்சிக்கு வந்தார்கள். உடற்கல்வி ஆசிரியரும் நானும் உட்கார்ந்து பேசி, புதன்கிழமையை ஓய்வாக்கினோம். காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றினோம். பயிற்சிக்கு முன் ஆளுக்கு ஒரு கை வேகவைத்த நிலக்கடலையும் ஒரு வாழைப்பழமும் கொடுக்க ஏற்பாடு செய்தோம். ஆளுக்கொரு சிறு குறிப்பேடும் வாங்கிக் கொடுத்தோம். முதல் வாரம் நான்கு பேரும் "நன்றாக இருக்கிறது" என்றே எழுதினார்கள். மூன்றாம் வாரத்தில்தான் ஒருத்தி "டீச்சர், தொண்டை காய்ஞ்ச மாதிரி இருக்கு, இன்னைக்கு நடக்கட்டுமா?" என்று அவளாகவே வந்து கேட்டாள்.